நோட்டீஸுகளுக்குத் தண்ணீர் வார்த்த தெரு

அன்று சாயங்காலம் ஊருணித் தெரு ஒட்டுக் கொட்டகையில் இருந்தவர்கள்: மடிப்புப் பலகையில் வாய்த்துடுக்கு அரியநாச்சியும் அவளுடைய ஓரகத்திகள் இரண்டு பேரும், பசைச் சட்டிக்குப் பக்கத்தில் காது கேளாத குருவம்மா, விலாசச் சீட்டு ஒட்டும் வரிசையில், ஒரே முகச்சாயலாக இருப்பதால் யார் எவரென்று முதலாளிக்கே பிடிபடாத நான்கு தாயாதிப் பெண்கள், வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வியர்வை துடைத்துக்கொண்டிருந்த தபால்காரர் சங்கரபாண்டி, உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்த முதலாளி தனுஷ்கோடி, மூலையில் உட்கார்ந்து நூறு நூறாக எண்ணிச் சணல் கட்டும் சீனியம்மாள். ஆகப் பதினொரு பேர். வெளியே போய்க்கொண்டிருந்த ஆடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சிவகாசியில் அச்சாகும் கடை நோட்டீஸுகளை மடித்து, விலாசம் ஒட்டி, மாவட்டம் முழுக்க இருபதாயிரம் வீடுகளுக்குத் தபாலில் அனுப்புவதுதான் அந்தக் கொட்டகையின் வேலை. மதுரையில் இருக்கும் பவளமல்லி ஜவுளி மாளிகையின் ஆடித் தள்ளுபடி நோட்டீஸுகள் அந்த வாரம்தான் கட்டுக் கட்டாகப் போயிருந்தன. பெண்கள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கிழக்கேயிருந்து ஒரு நோட்டீஸ் தரையோடு தரையாகச் சரசரத்து வந்து, வேகத்தடையில் ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்து, காற்றே இல்லாத அந்தத் தெருவில் தனக்குத் தெரிந்த வீட்டுக்கு வருவதுபோல வந்து, கொட்டகைப் படியேறி, சீனியம்மாளின் காலடியில் நின்று மூச்சு வாங்கியது. மேலே 'அருணாசலம், சாத்தூர்' என்று அவர்கள் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது.

வாசலுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் வந்த விஷயம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சீனியம்மாள் வேறெதையும் யோசிக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு கீழே வைத்தாள். நோட்டீஸ் ஒரு மூலையைச் செம்புக்குள் விட்டு, விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல இழுத்து, ஒரு செம்பையும் குடித்து முடித்து, சேலைப் படங்களின் சாயமெல்லாம் வெளிறி, நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

"நேத்து காலையில சாத்தூர்ப் பையில நான்தான் போட்டேன்" என்றார் சங்கரபாண்டி. "அங்க கொண்டுபோய்க் குடுத்து, அந்த மனுசன் பார்க்காமலே தூக்கிப் போட்டு, இது இருபது கிலோமீட்டர் நடந்து வந்திருக்கு. திரும்பி வர்ற தபாலுக்கு எங்க ஆபீஸ்ல முத்திரை இருக்கு. நடந்து வர்றதுக்கு எதைக் குத்த?"

"யக்கா, தண்ணி குடுத்து உக்கார வச்சிட்டீக" என்றாள் அரியநாச்சி. "நாளைக்குச் சொந்தக்காரவுகளையும் கூட்டிட்டு வரும், பாருங்க."

அவள் சொன்னது நடந்தது. மறுநாள் நாற்பது வந்தன. அதற்கு மறுநாள் வெம்பக்கோட்டைச் சாலை முழுக்க நோட்டீஸாக இருந்ததால், ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் நின்று வழிவிட்டார்கள். பார்க்காமலே வீசப்பட்டவை மட்டும்தான் திரும்பி வருகின்றன, ஒருமுறையாவது விரித்துப் படிக்கப்பட்டவை போன வீட்டிலேயே தங்கிவிடுகின்றன என்பது இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ராஜபாளையத்திலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் வந்தவை பஸ்ஸின் மேற்கூரையில் ஏறி வந்தன. சீட்டில் உட்காராத வரைக்கும் டிக்கெட் தேவையில்லை என்று கண்டக்டர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டார்கள். ஆடுகள் ஒன்றிரண்டைத் தின்னப் பார்த்து, தாகத்தில் இருப்பதைத் தின்னக்கூடாது என்று அவற்றுக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும், விட்டுவிட்டன. புரோட்டாக் கடைக்காரர் முதலில் மிதிபடாமலிருக்கக் கல் அடுக்கி ஓரமாக வழி போட்டுக் கொடுத்தார், பிறகு அந்த வழியோரமாகவே இரண்டு பெஞ்சு போட்டு, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குச் சால்னா ஊற்றினார். வீடு கட்டுகிறவர்கள் வாசலை எந்தப் பக்கம் வைத்தால் நோட்டீஸ் குறுக்கே வராது என்று கொத்தனாரிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

குடித்து முடித்தவை விடிவதற்குள் கூழாகிவிடும். அந்தக் கூழைப் பிழிந்து வரும் சாயத் தண்ணீரைக் குருவம்மா கொட்டகை முருங்கைக்கு ஊற்றினாள். அதனால் முருங்கைக்கு ஒரு கெடுதலும் இல்லை, பூ மட்டும் கொஞ்சம் மாம்பழ நிறத்தில் பூத்தது.

கொட்டகையார் செய்த முதல் வைத்தியம் அவர்கள் தொழிலுக்கு ஏற்றதாக இருந்தது. பசை போதவில்லை, அதனால்தான் போன இடத்தில் ஒட்டாமல் வருகின்றன என்று முடிவு கட்டி, மைதாவை இன்னும் கெட்டியாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கச் சேர்க்கும் மயில்துத்தத்தை இரட்டிப்பாகப் போட்டு, சீட்டுக்குச் சீட்டு அரைக் கரண்டி அப்பினார்கள். அடுத்துப் போன மிக்ஸி கடை நோட்டீஸுகள், வழியில் ஒட்டிக்கொண்ட கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், ஒருவருடைய இடது கால் செருப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்து, சுமை தூக்கிய களைப்பில் இரண்டு செம்பு குடித்தன. செருப்புக்காரர் திருத்தங்கல்லிலிருந்து வந்து சண்டை போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவ்வளவும் குடித்தது தெருத் தொட்டித் தண்ணீர். ஊருணித் தெருவில் ஊருணி என்றைக்கோ தூர்ந்து பஸ் நிறுத்தமாகிவிட்டது. ஒன்பது நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீரைக் கொட்டகைச் சுவரை ஒட்டியிருக்கும் பொதுத் தொட்டியில் பிடித்து, வீட்டுக்கு இத்தனை குடம் என்று முறை வைத்து எடுப்பார்கள். ஆடி முடிவதற்குள் தொட்டி ஏழாம் நாளே காய்ந்தது. ஒருமுறை பெண்கள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தண்ணீர் வைக்காமல் கதவைச் சாத்திப் பார்த்தார்கள். நோட்டீஸுகள் கோபப்படவில்லை. தெருவிலிருந்த அத்தனை வீட்டுப் படியிலும் ஏறி, ஈரம் சொட்டும் குடங்களின் அடியில் ஒண்டிக்கொண்டு, விடிய விடியச் சரசரத்தன. கைக்குழந்தைக்காரிகள் தூங்க முடியாமல் தாங்களே எழுந்து வந்து தொட்டியைத் திறந்துவிட்டார்கள்.

தெருக்கூட்டம் கூடியது. தொட்டிச் சாவி வைத்திருக்கும் தவசிலிங்கம் அதிர்ந்து பேசாதவர். அன்றும் அப்படித்தான் பேசினார்.

"கொட்டகை இந்தத் தெருவுக்குச் சோறு போடுது, இல்லைங்கல. அதுக்காகத் தெரு காயவும் முடியாது. தீபாவளி நோட்டீஸ் போகட்டும். போனதுக்குப் பிறகு வர்ற தண்ணி முறை அன்னைக்குத் தொட்டியில ஒரு குடமாவது மிஞ்சியிருந்தா கொட்டகை நடக்கட்டும். இல்லேன்னா பூட்டிச் சாவியை எங்கிட்டக் குடுத்துருங்க, அண்ணாச்சி."

தனுஷ்கோடி தலையை ஆட்டினார். எல்லோரும் சீனியம்மாளைப் பார்த்தார்கள், முதல் செம்பு அவள் வைத்தது. கணவன் போனபின் இரண்டு பெண்களை அந்தச் சணல் கட்டில்தான் கரையேற்றியிருந்தாள், மூன்றாமவள் இன்னும் வீட்டில் இருக்கிறாள். நாலு பேர் பார்த்தால் கால் கட்டைவிரலைப் பார்க்கிறவள் அவள். அன்றும் கட்டைவிரலைப் பார்த்தபடி, கொட்டகை பூட்டினால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான், அனுப்பிய நோட்டீஸெல்லாம் திரும்புகின்றன என்று கேள்விப்பட்டு, பவளமல்லியின் விளம்பர மேலாளர் ரஹ்மத் நிஷா மதுரையிலிருந்து வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். பஸ்ஸை விட்டு அவள் இறங்கும்போதே, மேற்கூரையிலிருந்து அவளுடைய கடை நோட்டீஸுகளும் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தன. கேள்வி எதுவும் கேட்காமல், பையை ஓரமாக வைத்துவிட்டு, சீனியம்மாளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தானும் ஒரு செம்பை எடுத்து வரிசையாகத் தண்ணீர் காட்டத் தொடங்கினாள். பெரிய இடத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் நாற்காலி தேடுவதைத்தான் சீனியம்மாள் பார்த்திருக்கிறாள். இந்தப் பெண்ணின் நல்ல சுடிதாரில் சேறு அப்புவதைப் பார்த்து அவளுக்கு மனசு ஒரு மாதிரி இளகிவிட்டது.

சில நோட்டீஸுகள் எவ்வளவு நேரம் மூலையை முக்கினாலும் தண்ணீர் ஏறவில்லை. மேலே வழுக்கிக்கொண்டு ஓடி மண்ணில் வழிந்தது. அவை மறுபடியும் மறுபடியும் முக்கி, ஒரு செம்பு குடிப்பதற்கு ஒரு குடத்தைச் சிந்தின.

"இதுக என்னம்மா, குடிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாள் ரஹ்மத் நிஷா.

"பட்டுக்காரிக" என்றாள் அரியநாச்சி. "பட்டுக்குன்னு தனியா அடிச்சதுக. உடம்பெல்லாம் பிளாஸ்டிக் பூச்சு. வாய் எங்கன்னு அதுகளுக்கே தெரியாது."

ரஹ்மத் நிஷா ஒரு பட்டுக்காரியைக் கையிலெடுத்துத் துடைத்தபடி, "போன வருஷம் பளபளப்பு பத்தலைன்னு பிரஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பினது நான்தான்" என்றாள். "இனிமே பூச்சு வேண்டாம். இவ்வளவு பெரிசும் வேண்டாம். அஞ்சல் அட்டை அளவு போதும். சின்னது கொஞ்சமாத்தானே குடிக்கும்?"

"வரவே வேண்டாம்னா யாருக்கு அனுப்பக்கூடாதுன்னு தெரியணும்" என்றார் சங்கரபாண்டி.

"அதான் வந்து சொல்லுதே" என்றாள் அவள். "திரும்பி வர்ற ஒவ்வொண்ணும் ஒரு வேண்டாம்தானே. பேரைப் பார்த்து அடிச்சிட்டே வருவோம்."

அடித்துக்கொண்டே வந்தபோது அரியநாச்சிக்கு ஒன்று உறைத்தது. "ஏன் யக்கா, அருணாசலம், அழகர்சாமி, அங்கம்மாள், அனந்தப்பன்... வர்றதெல்லாம் பேர் வரிசையோட தலைமாட்டுல உள்ள ஆளுகளாவே இருக்காக? ஒரே ஆள் பேர்ல மூணு மூணு வேற வருதே?"

சீனியம்மாள் கையிலிருந்த சணலை முறுக்கினாள். சேதத்துக்கு என்று நூறுக்கு மூன்று கூட அடித்துக் கொடுப்பது பிரஸ்ஸின் வழக்கம். அவள் கையில் சேதம் வருவதில்லை. ஆகையால் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் மீந்துவிடும். மீந்ததைக் கண்ணால் பார்க்க அவளுக்குப் பொறுக்காது. எண்ணி முடித்தால் தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, மீந்ததற்கெல்லாம் வரிசையின் தொடக்கத்திலிருந்து ஆளுக்கு இரண்டு வீதம் மறுபடி விலாசம் ஒட்டி அனுப்பிவிடுவாள். இதை யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி அதையே சத்தமாக எல்லோருக்கும் சொன்னாள். பிறகு, ஒன்றும் காதில் விழாத குருவம்மா முதலில் சிரிக்க, எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"அந்தச் சாத்தூர் மனுசனைப் போய்ப் பார்த்துட்டு வந்துர்றேன்" என்று சீனியம்மாள் எழுந்தபோது, அவளா பேசுகிறாள் என்று தனுஷ்கோடி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்.

சாத்தூர் அருணாசலம் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். கதவைத் திறந்தவரிடம் அவள் கட்டைவிரலைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"நீங்கதானா அது!" என்றார். "ஊர்ல உள்ள அத்தனை கடைக்காரனுக்கும் எம்மேல தனி அன்புன்னு சம்சாரத்துக்கிட்டப் பீத்திக்கிட்டு இருந்தேன். கெடுத்துட்டீங்களேம்மா!"

"ஒங்க பேரை அடிச்சிரவா, ஐயா?"

"ஒண்ணு அனுப்புங்க. ஒண்ணு வந்தா என்ன ஏதுன்னு பார்க்கத் தோணும். மூணு வந்தா மூணையும் எடுத்து எறியத்தான் தோணுது." சொல்லிவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்காரர் இறந்து நான்கு வருஷமாகிறது என்று சங்கரபாண்டி சொல்லியிருந்தார். அந்தப் பெயரை அடிக்கத்தான் சீனியம்மாள் போனாள். அந்த வீட்டம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "அதை மட்டும் நிறுத்திராதீங்க, தாயி" என்றாள். "அவுக பேரைப் போட்டு இப்ப இந்த வீட்டுக்கு வர்றது அது ஒண்ணுதான். நான் எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு அலமாரில வச்சிருவேன்." சீனியம்மாள் பென்சிலை மடியில் செருகிக்கொண்டாள். அந்தப் பெயருக்குப் போன நோட்டீஸ் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, யாருக்கு எது வேண்டும் என்று வெளியே இருந்துகொண்டு எப்படித் தெரியும் என்று யோசித்தாள். கேட்டால்தான் தெரியும். கேட்பது அவள் பயந்த அளவுக்குக் கஷ்டமாகவும் இல்லை.

அதன்பிறகு பெண்கள் இரண்டிரண்டு பேராக ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். கேட்கக் கேட்கப் பெயர்கள் குறைந்தன. பெயர்கள் குறையக் குறையத் தனுஷ்கோடியின் முகம் சுருங்கியது.

"ஆயிரத்துக்கு இவ்வளவுன்னுதான் கூலி. நீங்க பாட்டுக்கு அடிச்சிட்டே போனா நான் எதை ஒட்ட? தவசிலிங்கம் பூட்டுறதுக்கு முந்தி நானே பூட்டிருவேன் போலருக்கே!"

"ஒட்டினதுக்கு இனிக் கூலி இல்ல, அண்ணாச்சி" என்றாள் ரஹ்மத் நிஷா. "போன வீட்டுலயே தங்கினதுக்குத்தான் கூலி. ஒண்ணுக்கு மூணு மடங்கு. வீடு வீடாக் கேக்குறதுக்குத் தனி. அப்புறம் குருவம்மாக்கா பிழிஞ்சு காயவச்சிருக்காங்களே, அந்தக் கூழ், அதையே அட்டையாப் போட்டுக் குடுத்தா அதுக்கும் தனி. புதுக் காகிதம் வாங்கப் போறதில்ல."

"திரும்பி வந்துருச்சுன்னா?" என்றாள் அரியநாச்சி.

"தண்ணி குடுங்க. அடுத்த தடவை அந்தப் பேரை எழுதாதீங்க."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஒங்க முதலாளி ஒத்துக்குவாரா?"

ரஹ்மத் நிஷா, தண்ணீர் காட்டாத நோட்டீஸ் ஒன்றை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி மதுரைக்குக் கொண்டுபோனாள். ஜவுளி மாளிகை முதலாளியின் மேஜைமேல் அது வெளியே வந்து, அவருடைய தம்ளர் தண்ணீரைக் குடித்து, போதாமல் பூச்சாடித் தண்ணீரைக் குடித்து, கடைசியில் அவருடைய மோரையும் குடித்தது. முதலாளி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாம அனுப்புற அத்தனைக்கும் இந்தத் தாகமா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறாள். வேறொன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஊருணித் தெருவில் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் அந்த மோரைச் சொல்லாமல் விடுவதில்லை.

தீபாவளி அட்டைகள் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, அங்கங்கே பழைய சேலைப் படத்தின் ஒரு புள்ளிச் சிவப்போ பச்சையோ தெரிய, வெயிலில் காய்ந்து தயாராயின. பூச்சு இல்லை, உறை இல்லை, விலாசச் சீட்டும் இல்லை. கேட்டுவிட்டு வந்தவர்களே கையால் பெயர் எழுதினார்கள். இருபதாயிரம் போய் ஏழாயிரத்துச் சொச்சத்தில் வந்து நின்றது. கடைசிக் கட்டைக் கட்டியபோது கொஞ்சம் அட்டைகள் மீந்தன. சீனியம்மாள் அவற்றைப் பார்த்தாள், கை ஒருதரம் பேனாப் பக்கம் போனது, பிறகு அவற்றை அப்படியே அலமாரிமேல் தூக்கி வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இறங்கவில்லை. குழாய் ஒருமுறை வந்து தொட்டி நிறைந்தது, மறுநாள் அட்டைகள் தபாலில் போயின. பிறகு தெரு காத்திருந்தது. திரும்பி வந்தவை கொஞ்சம்தான். ஒரு நாள் முப்பது, ஒரு நாள் அறுபது, ஒரு நாள் நூறைத் தொட்டது. அரைச் செம்பு குடித்துவிட்டு அடக்கமாகப் படுத்துக்கொண்டன. ஆனால் நடுவில் ஒரு வீட்டில் காதுகுத்து வந்து நூறு பேர் கைகழுவினார்கள், அடிக்கிற வெயிலில் வீட்டுக் குடங்களும் சீக்கிரம் காலியாயின. ஒன்பதாம் நாள் வந்தபோது, தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல ஆளில்லை. இருட்டில் கொஞ்சம் மினுங்கியது, அவ்வளவுதான்.

புதுத் தண்ணீர் திறக்குமுன் அடித்தண்ணீரை இறைத்துத் தொட்டியைக் கழுவுவார்கள். தவசிலிங்கம் கயிறும் குடமுமாக வந்து நின்றார். தெருவே கூடியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடைசி ராஜபாளையம் பஸ் வந்து நிற்க, அதன் மேற்கூரையிலிருந்து அட்டைகள் இறங்கத் தொடங்கின. ஒன்றல்ல இரண்டல்ல, ஒரு கூட்டமே இறங்கி, கல் வழியாக வரிசையாக வந்தது.

"யக்கா, கதவைச் சாத்துங்க" என்று அரியநாச்சி காதோரம் சொன்னாள். "தொட்டி இறைச்சு முடியுற வரைக்கும் போதும். ஒரு நாழி தாகத்துல ஒண்ணும் செத்துராது. நம்ம சோறு, யக்கா!"

"இருக்கிறதுல எடுத்துக் குடுத்துரு, சீனி" என்று தனுஷ்கோடி சொல்லவில்லை, சாத்து என்றும் சொல்லவில்லை. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சீனியம்மாள் வருகிற அட்டைகளைப் பார்த்தாள். ஒன்றில் எழுத்து அவளுடையது. ராஜபாளையத்தில் ஒருவர் வேண்டும் என்று சொல்லித்தான் எழுதியிருந்தாள், சொன்ன பிறகு மனம் மாறியிருக்கலாம், மனிதர்கள் அப்படித்தான். நடந்து வந்தது அட்டையின் குற்றமில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கட்டைவிரலைப் பார்க்காமல், நிமிர்ந்து, தவசிலிங்கத்தின் முகத்துக்கு நேராகப் பேசினாள்.

"வந்ததுகளுக்குக் குடுத்துட்டுத்தான் இறைக்கணும், அண்ணே. கொஞ்சம் பொறுங்க."

"அதுல தொட்டி காஞ்சிட்டா?"

"காஞ்சா சாவியை நானே கொண்டாந்து தர்றேன்."

தவசிலிங்கம் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சீனியம்மாள் செம்பை எடுத்தாள். கணக்கு முடிவதைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த ரஹ்மத் நிஷா மறுபக்கம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டு நின்ற அரியநாச்சி, "நகருங்க, ஒங்க வேகத்துக்கு விடிஞ்சிரும்" என்று தானும் உட்கார்ந்தாள். தாயாதிப் பெண்கள் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அரை அரைச் செம்பாக, கடைசி அட்டை குடித்துவிட்டுத் தலைசாய்க்கும் வரை கொடுத்தார்கள். செம்பு தொட்டிச் சுவரில் உரசுகிற சத்தம் ஒருமுறை கேட்டபோது யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள்.

பிறகு தவசிலிங்கம் குடத்தை இறக்கினார். குடம் சாய்ந்து, கொஞ்சம் தயங்கி, நிறைந்து மேலே வந்தது. "ஒண்ணு" என்றார். அந்த ஒன்று போதும், வாக்கு அதுதான். ஆனாலும் அவர் நிறுத்தாமல் மறுபடி இறக்கினார். "ரெண்டு" என்று தெருவே சேர்ந்து சொன்னது. மூணு என்றும் நாலு என்றும் சொல்லச் சொல்லச் சத்தம் கூடியது. பத்துக்கு மேல் புரோட்டாக் கடைக்காரர் பெஞ்சுமேல் ஏறி நின்று சொன்னார், கண்டக்டர் பஸ்ஸை எடுக்கவிடாமல் படியில் நின்று சொன்னார், குருவம்மா எல்லோர் வாயையும் பார்த்துப் பார்த்து ஒரு எண் தாமதமாகச் சொன்னாள், தனுஷ்கோடி துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே சொன்னார். குடம் தளத்தில் தட்டி வெறுமையாக மேலே வந்தபோது, சீனியம்மாள் இறைத்து வைத்த குடங்களைத் தொட்டுத் தொட்டு இன்னொரு தரம் எண்ணிச் சரிபார்த்தாள்.

மிச்சம், பதினேழு குடம்.